ஒரு மன்னிப்புக்கு ஒரு தம்ளர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெற்றவள்மேல் ஆணை, பிள்ளைகள்மேல் ஆணை, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள்மேலும் முன்கூட்டியே ஆணை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்தக் கட்டடம் உயரமானது. மேல் மாடியில் ஒருவர் தும்மினால், கீழே இருப்பவர் அதைக் கேட்டு "நூறு ஆயுசு" என்று சொல்லி, அந்தச் சொல் மேலே வந்து சேர்வதற்குள் தும்மியவருக்குச் சளி கட்டி, பழுத்து, ஆறியே போயிருக்கும். காக்கைகள் பாதி உயரம் வரை பறந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைப் படியேறித்தான் வரும்.

ஊரில் சண்டை. யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது ஆரம்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு மறந்துபோயிற்று. சண்டை மட்டும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. முதலில் கரண்ட் போனது. அப்புறம் குழாய்த் தண்ணீர், அப்புறம் போலீஸ், கடைசியாக வெட்கம். தண்ணீர் இருந்த ஒரே இடம் கட்டடத்துக்கு அடியில் இருந்த தொட்டி. அதைக் கீழ்த்தளத்துக்காரர்கள் காவல் காத்தார்கள். மேலே இருப்பவர்கள் அவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தார்கள், பூட்டு பழுது பார்த்தார்கள். பதிலுக்குத் தண்ணீர் வந்தது. இந்த மரியாதையெல்லாம் லிஃப்ட் வழியாகப் போகும் சாமானுக்கு மட்டும்தான். படிக்கட்டில் யாரும் யாரோடும் எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவில்லை. படிக்கட்டில் முந்தி அடித்தவன்தான் உயிரோடு வீட்டுக்குப் போனான்.

கரண்ட் இல்லாமல் லிஃப்ட் எப்படி என்று கேட்கலாம். அதற்குத்தான் லிஃப்ட்காரர் இருந்தார். மொட்டை மாடியில், மோட்டார் இருக்கும் அறையிலேயே மகளோடும் மைத்துனரோடும் குடியிருந்தார். மோட்டாருக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படுக்கை. நடுவில் தரையில் இருக்கும் ஓட்டை வழியாகக் கம்பி வடம் இறங்கிப் போகும். ஓட்டைக்குள் குனிந்து பார்த்தால் பாதாளம்.

லிஃப்ட் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சக்கரம், அதன் மேல் வடம். வடத்தின் ஒரு முனையில் ஆள் ஏறும் கூண்டு, மறு முனையில் இரும்புப் பாரம். காலிக் கூண்டைவிட இரும்பு கனம். கூண்டில் பாதிச் சுமை ஏற்றினால் இரண்டும் சரிக்குச் சரி. அப்போது ஒரு குழந்தைகூடக் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை மேலே கொண்டு வந்துவிடலாம். கீழ்த்தளத்துக்காரர்கள் அளவாகத் தண்ணீர்க் கேன்களை ஏற்றிவிட்டு, பக்கத்து இரும்புத் தண்டவாளத்தில் தட்டுவார்கள். சத்தம் மேலே வரும். மேலே சக்கரம் சுற்றும்.

பிரேக் ஒன்று உண்டு. அது எப்போதும் இறுகப் பிடித்தபடியே இருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அப்படி. சக்கரத்தைச் சுற்றும்போது ஒரு கையால் நெம்புகோலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான் விடும். "பிடிச்சுக்கிறது இதோட சுபாவம். விடறதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார் லிஃப்ட்காரர், ஏதோ தன் பிள்ளையைப் பற்றிப் பெருமையடிப்பதுபோல.

சொந்தப் பிள்ளையை அவர் நேர்மாறாக வளர்த்திருந்தார். ஒன்பது வயது. சின்ன உருவம், சுற்றிக்கொண்டே இருக்கும், போகும் இடத்தில் எல்லாம் இறங்கிவிடும் என்பதால் திருகாணி என்று பெயர் நிலைத்துவிட்டது. அவள் கல் எறிந்தால், பறக்கும் கொசுவின் இடது சிறகு மட்டும் உதிரும். கொசு வலது சிறகை வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்ந்துவிடும். ஒருமுறை எதிர்க் கட்டடத்தில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். இவள் கல்லைத் தூக்கினாள். அவன் துப்பாக்கியைத் துடைத்து, உறையில் போட்டு, "சும்மா தூசி தட்டினேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். மோட்டார் அறையின் மூலையில் அவள் சேர்த்து வைத்திருந்த எலுமிச்சம்பழ அளவுக் கற்கள் அவள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அந்தக் குவியல் இருக்கும்வரை மேல் மாடிகளுக்குப் படியேறி வந்து கைவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

தினமும் காலையில் பாடம் நடக்கும்.

"தெரியாதவங்க படியில வந்தா?"

"கேக்க மாட்டேன்."

"என்ன பண்ணுவே?"

"அடிப்பேன்."

"எங்கே?"

"முதல்ல முட்டியில. அப்புறம் தலையில."

"அப்புறம்?"

"சட்டையில பட்டன் நல்லா இருக்கான்னு பாப்பேன்."

கடைசி வரி மாமா சேர்த்தது. மாமா, அதாவது லிஃப்ட்காரரின் மனைவியின் தம்பி, தையற்காரர். எந்தத் துக்கத்திலும் பட்டனை விடமாட்டார்.

பாடத்துக்குக் காரணம் இருந்தது. திருகாணியின் அம்மா ஒருநாள் படியிறங்கிப் போனாள். வளைவில், இருட்டில், காலடிச் சத்தம் கேட்டது. "யாருப்பா அது?" என்று கேட்டாள். மரியாதையான வீட்டில் பிறந்தவள், கேட்டுப் பழக்கம். பதில் வந்தது. வாயால் வரவில்லை. காலில் இருந்த சிவப்புச் செருப்பை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டார்கள். அன்றிலிருந்து லிஃப்ட்காரர் வீட்டில் 'யாரு' என்ற கேள்வி நுழைந்ததில்லை.

இப்படி இருக்கையில், ஒரு மத்தியானம், கீழே ஏதோ ஒரு மாடியில் இறுகிப்போன கதவைத் திறந்து கொடுக்க அவர் போயிருந்தார். தண்டவாளத்தில் தட்டும் சத்தம் கேட்டது. திருகாணி எழுந்து சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள். வழக்கமாகத் தண்ணீர் வரும்போது சக்கரம் கையில் தூங்கும். அன்று முழித்துக்கொண்டிருந்தது. கூண்டு இலேசாக இருந்தது. தானாகவே மேலே வரத் துடித்தது. அவள் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தாள். பாதிக்கு மேல் ஏறி வந்திருந்த கூண்டின் கூரை விரிசல் வழியே கேன்கள் தெரியவில்லை. ஒரு வழுக்கை மண்டை தெரிந்தது.

பாடத்தில் ஒரு பிள்ளை இதைவிடத் தேறியிருக்க முடியாது. கேட்கவில்லை. நெம்புகோலைப் பிடித்து முழுசாக இழுத்தாள், விழுந்து சாகட்டும் என்று.

ஆனால் கோபம் வந்தால் கணக்கு மறந்துவிடும். கூண்டில் இருந்தது ஒரு ஆள், ஒரே ஒரு கேன். மறுபக்கத்து இரும்பு அதைவிடக் கனம். கூண்டு விழவில்லை. எழுந்தது.

எழுந்த வேகத்தில், வழியில் மாடிக்கு மாடி நின்றிருந்தவர்களின் தொப்பிகள் எல்லாம் ஆளுக்கு ஒரு மாடி உயர்ந்து அடுத்த வீட்டுக்காரர் தலையில் போய் உட்கார்ந்தன. கூண்டு உச்சியில் உத்தரத்தில் மோதி, கூரை நசுங்கி, அங்கேயே செருகிக்கொண்டு நின்றது. கதவு திறக்கவில்லை. கூரையில் ஒரு கையகல இடைவெளிதான் மிச்சம். அது மோட்டார் அறைத் தரையின் ஓட்டைக்கு நேர் கீழே இருந்தது. இடைவெளியிலிருந்து முதலில் தூசி வந்தது. பிறகு ஒரு அலறல். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, ஒரு குரல்:

"என் காலு போச்சு. யாரு வீட்டுப் பிள்ளை இது? வளர்ப்பு அப்படி!"

வந்தவர் கீழ்த்தளத்தைச் சேர்ந்த சலூன்காரர். சொந்தத் தலையில் ஒரு முடி கிடையாது என்பதால், பொறாமை இல்லாமல் அடுத்தவர் தலையில் வேலை செய்தவர் என்று பெயர் வாங்கியவர். முடி வெட்டிக்கொள்ளும் அளவுக்கு யாருக்கும் தலை நிச்சயமில்லை என்று ஆனபிறகு, தொழில் படுத்துவிட்டது. ஒளிக்காமல் சொன்னார். "மோட்டார்ல செம்புக் கம்பி இருக்குமில்ல? அதுக்குத்தான் வந்தேன். கைரம்பம் கொண்டாந்தேன். வேணும்னா வாங்கிக்குங்க. இனிமே எனக்கு எதுக்கு?" ரம்பம் இடைவெளி வழியாக மேலே வந்தது. ஓடி வந்து சேர்ந்திருந்த லிஃப்ட்காரர் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு மரச் சட்டங்களையும் துணிப்பட்டையையும் உள்ளே அனுப்பினார். தொடை எலும்பு முறிந்திருந்தது. சலூன்காரரே கட்டுப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கெட்ட வார்த்தை.

மாமா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான், இதுல யோசிக்க என்ன இருக்கு? வடத்தை அறுத்து விடுங்க. அந்தப் பக்கத்து இரும்புதான் கூண்டை மேல இழுத்துப் பிடிச்சிருக்கு. அறுத்தா தானா போயிடும். அப்புறம் வெறும் குழி. வாளியை விட்டுத் தண்ணி எடுத்துக்கலாம்."

"உள்ள ஆள் இருக்கான்."

"அதனாலதான் அறுக்கச் சொல்றேன்."

அப்போதுதான் லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். அவள் கற்குவியலின் மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு, பரிசு எப்போது வரும் என்று காத்திருக்கிற முகம். இவளுக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார். எப்படியாவது இந்தப் பிள்ளைக்குள் ஒரு சின்ன வருத்தத்தை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவள் பிழைத்து என்ன பிரயோஜனம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"போய் மன்னிப்புக் கேளு," என்றார்.

திருகாணி குழிக்கு மேல் குனிந்து, "மன்னிச்சிருங்க" என்றாள்.

"இது மன்னிப்பா? கடையில மீதிச் சில்லறை கேக்கற மாதிரி இருக்கு. இன்னொரு தரம் சொல்லு."

"மன்னிச்சிருங்கன்னேன்ல!"

"இது மிரட்டல். பாப்பா, இங்க ஒரு கேன் தண்ணி முழுசா இருக்கு. உங்க யாருகிட்டயும் இல்லை. ஒரு மன்னிப்புக்கு ஒரு தம்ளர். நல்ல மன்னிப்பா இருக்கணும்."

அங்கே தொடங்கியது அந்த வியாபாரம்.

லிஃப்ட் நின்றுபோனதால் மேல் மாடிகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடுகள் வெடித்திருந்தன. அழ வேண்டியவர்கள்கூட அழுகையைத் தள்ளிப்போட்டார்கள், கண்ணீருக்கு ஆகும் செலவை நினைத்து. ஒரே தண்ணீர் நசுங்கிய கூண்டுக்குள் இருந்தது. தம்ளர் மட்டும்தான் அந்த இடைவெளியில் நுழையும். மொட்டை மாடியில் மன்னிப்புக்காரர்களின் வரிசை நீண்டது.

"எங்க மாடியில யாரும் உங்களுக்கு ஒரு கெடுதலும் பண்ணல. இருந்தாலும் மன்னிச்சிருங்க" என்றார் ஒருவர். கால் தம்ளர். ஒரு தலைமையாசிரியர் மூன்று தலைப்புகளில் பேசினார். "இழுத்துட்டீங்க சார். பாதிதான்." ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்; வரிசையில் நின்றபோதே பேச்சு முற்றி, கல்யாணமான நாள் முதல் நடந்ததற்கெல்லாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் வாங்க மறந்து, கைகோத்தபடி இறங்கிப் போய்விட்டார்கள். சலூன்காரர் எல்லாவற்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சிலவற்றைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சில சமயம் தானும் முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திருகாணிதான் எல்லோரையும்விட வேகமாகக் கற்றாள். குரலை நடுங்க வைத்தாள். பேச்சை நடுவில் உடைத்தாள். வறண்ட கண்ணிலிருந்து, அதுவும் இடது கண்ணிலிருந்து மட்டும், ஒரே ஒரு சொட்டு வர வைத்தாள். கூண்டுக்குள்ளிருந்து ஆண்பிள்ளை விசும்பும் சத்தம் கேட்டது.

"அப்பா! இன்னிக்கு ரெண்டு தம்ளர்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "என் மருமகளாச்சே! நாலு சொட்டு விட்டா கேனையே தூக்கிக் குடுத்துடுவான்."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு பிள்ளைக்கு அடிக்க மட்டும் தெரியும். இப்போது அடித்துவிட்டு அழவும் தெரிகிறது. அவர் அவளை அடுப்போரம் உட்கார வைத்தார். காய்ந்த ரொட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார்.

"உனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கா?"

"எதுக்கு?"

"அவர் காலுக்கு."

"அவர்தானேப்பா திருட வந்தாரு?"

"ஆமா. இருந்தாலும்..."

"இருந்தாலும்னா என்ன?"

அவள் அம்மா போன நாளிலிருந்து வீட்டுக்குள் வராத சாமானைத் திடீரென்று எந்த அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவது? தவிர, அவர் மனதில் ஒரு முள் இருந்தது. சலூன்காரரை இறக்க ஒரு வழி உண்டு என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். கூண்டுக்குள் கனம் ஏற்றினால், அது இரும்பை மிஞ்சிக்கொண்டு கீழே வரும். பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, பூப்போல இறக்கிவிடலாம். அந்த இடைவெளியில் நுழையக்கூடிய கனமான பொருள் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான்: திருகாணியின் கற்கள். கற்கள் போய்விட்டால் படிக்கட்டுக்குக் காவல் இல்லை. ஆகவே அவர் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வருத்தம் கற்றுக்கொடுக்கும் வேலையை மட்டும் மும்முரமாகப் பார்த்தார்.

கேன் வற்றிக்கொண்டே வந்தது. இடைவெளியிலிருந்து வாடை வரத் தொடங்கியது. சலூன்காரருக்குக் காய்ச்சல் ஏறியது. சில சமயம் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் "தலையை ஆட்டாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். ஒரு பகலில் திருகாணி தம்ளரோடு போய்க் குனிந்தாள். லிஃப்ட்காரர் மோட்டாருக்குப் பின்னால் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தார். மாமா வாசலில் ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு எந்த மாதிரி வேணும்?" என்றாள். "அழுதா, அழாமலா?"

"எதுவும் வேணாம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. உள்ளிருந்து விரல்கள் தம்ளரை மேலே தள்ளின. "இதோட முடிஞ்சுது. குடி."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அந்தக் கட்டடத்தில் சும்மா என்று ஒன்றை அவள் பார்த்ததில்லை. முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"நீங்க குடிச்சீங்களா?"

உள்ளே காலிக் கேன் உருளும் சத்தம் கேட்டது.

"எதுக்கு எல்லாரையும் மன்னிப்புக் கேக்க வெச்சீங்க?"

"ஒண்ணு தேடிட்டு இருந்தேன் பாப்பா. எனக்கு ஒண்ணு வேணும், நான் சொல்றதுக்கு. எது எனக்குப் பொருந்தும்னு பாத்தேன். எதுவும் பொருந்தல."

"யாருகிட்ட சொல்லணும்?"

"அது தெரிஞ்சா என்னிக்கோ சொல்லியிருப்பேனே. படிக்கட்டுல... அடிச்சிருக்கேன். ஒரு தரம் இல்ல. யாருன்னு பாத்ததில்ல."

திருகாணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவும் படிக்கட்டுலதான்."

உள்ளே அவர் நிமிர்ந்து உட்கார முயன்று, காலில் கட்டிய மரச் சட்டம் கூண்டில் இடித்தது.

"சிவப்புச் செருப்பு போட்டிருந்தாங்க," என்றாள்.

"இருட்டுல சிவப்பு ஏது பாப்பா?"

"நீங்களா?"

"தெரியல. நான் இல்லைன்னா அது பொய். நான்தான்னாலும் பொய். தெரியல."

வாசலில் ஊசி விழுந்த சத்தம் லிஃப்ட்காரருக்குக் கேட்டது. அடுத்த நொடி மாமா கைரம்பத்தோடு சக்கரத்தின் மேல் ஏறியிருந்தார். ரம்பப் பல் வடத்தில் பதிந்து கிறீச்சிட்டது. முதல் இழை அறுந்து சுருண்டது.

தடுக்க வேண்டும் என்று லிஃப்ட்காரரின் மூளை சொன்னது. அவர் போனார். கையை நீட்டினார். வடத்தைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் தெரிந்தது, மாமா அறுப்பதற்கு வசதியாக, ஆடாமல் இருக்கும்படி, அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவியின் சிவப்புச் செருப்பு கண் முன்னால் நின்றது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ரம்பத்துக்குக் கீழே ஒரு சின்ன உள்ளங்கை வந்து வடத்தின் மேல் படுத்தது.

"கையை எடுடி," என்றார் மாமா.

"மாட்டேன்."

"உன் விரல் போயிடும்."

"போகட்டும்."

"உங்கம்மாடி! எங்கக்காடி!"

"தெரியும் மாமா."

"அப்புறம் என்னடி?"

இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டும் இல்லை. இத்தனை நாள் விற்ற மன்னிப்புகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நானும் பாக்கலையே மாமா," என்றாள். "மண்டையைத்தான் பாத்தேன். யாருன்னு நானும் கேக்கலையே."

ரம்பம் நின்றது. லிஃப்ட்காரர் வடத்தை விட்டார். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, கூண்டுக்குள்ள கல்லு போட்டா இறங்குமா?"

"இறங்கும்."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவள் பார்த்தாள். அந்தப் பார்வை முதலில் முட்டியில் பட்டது, அப்புறம் தலையில்.

"கல்லு போச்சுன்னா படியில வர்றவனை எப்படி விரட்டுவே?" என்று மாமா கத்தினார். "தும்மி விரட்டுவியா?"

"தெரியல மாமா. மேலேயிருந்து கல்லைப் போட்டா அவர் மேல விழும். நீளமா ஒரு குழாய் மாதிரி தெச்சுக் குடுங்க. சறுக்கி விடலாம்."

மாமா கெட்ட வார்த்தையிலேயே தொடங்கி கெட்ட வார்த்தையிலேயே முடித்தார். நடுவில் தைத்தார். வாங்க ஆள் வராமல் போன கோட்டுகள் அவரிடம் நிறைய இருந்தன. அவற்றின் கைகளை மட்டும் பிரித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, ஒரே நீளக் கையாகத் தைத்தார். யார் யார் கைகளோ. அது ஓட்டை வழியே இறங்கி, இடைவெளியில் நுழைந்து, கூண்டின் மூலையில் போய்ப் படுத்தது.

திருகாணி முதல் கல்லை எடுத்தாள். "வரட்டுமா?" என்றாள்.

"வா," என்றது உள்ளே.

கல் கோட்டுக்கைக்குள் மெதுவாகச் சறுக்கிப் போய் அடியில் 'டொக்' என்றது. வாழ்க்கையில் அவள் மெதுவாக விட்ட முதல் கல். அடுத்தது. "வரட்டுமா?" "வா." ஒவ்வொரு கல்லுக்கும் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பதில் குரல் போய், விரலால் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. அவள் கேட்பதை நிறுத்தவில்லை. கேட்டாள், காத்திருந்தாள், விட்டாள். குவியல் அவள் தோளுக்கு இறங்கியது, இடுப்புக்கு இறங்கியது. மாடிகளில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டு போனார்கள். "எங்க எல்லாரையும் சாகடிக்கப் போறீங்க" என்றார் தலைமையாசிரியர், இந்த முறை ஒரே தலைப்பில்.

கடைசிப் பிடி கற்களில் கூண்டு முனகியது. உத்தரத்திலிருந்து பெயர்ந்து ஒரு சாண் இறங்கி நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டது. லிஃப்ட்காரர் நெம்புகோலை நோக்கி வந்தார்.

"நான்," என்றாள் திருகாணி.

கொஞ்சம் விட்டாள், பிடித்தாள். கொஞ்சம் விட்டாள், பிடித்தாள். ஊரே பார்த்துச் சரணடைந்த அந்தக் கை நடுங்கியது. நெம்புகோல் நடுங்கி, சக்கரம் நடுங்கி, வடம் முழுக்க ஒரு ரீங்காரம் ஓடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நடுக்கத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் லிஃப்ட்காரர் முட்டி மோதியிருந்தார். இப்போது வந்துவிட்டது. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு பிள்ளை எத்தனை நாள் இருக்கும்?

கூண்டு அடியில் போய் உட்கார்ந்தது. சத்தம் ஒன்றும் மேலே வரவில்லை.

இப்போது மேலே இருப்பவர்களிடம் தாகம் இருந்தது. கீழே இருப்பவர்களிடம் தண்ணீரும் இருந்தது, கல்லும் இருந்தது. மாமா பெரிய கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். திருகாணி சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. சாப்பிடவும் ஒன்றும் இல்லை. வெயில் ஒரு சுவரில் ஏறி மறு சுவரில் இறங்கியது.

"கல்லை எடுக்கறாங்க," என்றாள் திடீரென்று. சக்கரம் கையில் இலேசாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றது. பிறகு மறுபடி கனத்தது. ஏதோ ஏறியது. இன்னும் ஏதோ ஏறியது. சரிக்குச் சரியாக வந்து நின்றது.

தண்டவாளத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீராக இருந்தால் இவ்வளவு கனம்தான் இருக்கும். ஆயுதத்தோடு நாலைந்து பேர் ஏறியிருந்தாலும் இவ்வளவுதான் இருக்கும். சக்கரத்துக்கு இரண்டும் ஒன்று. அது கனத்தைத்தான் சொல்லும், யாரென்று சொல்லாது. மூலையைப் பார்த்தார், ஒரு கல் மிச்சமில்லை. அவருடைய பழைய பாடம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. விழுங்கினார்.

திருகாணி ஓட்டைக்குள் குனிந்தாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

அவள் அம்மா கேட்ட அதே கேள்வி. கிட்டத்தட்ட அதே குரல். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வி மாடி மாடியாக இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பதில் வந்தது. இந்தத் தடவை வாயால் வந்தது.

"தண்ணி."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

கீழே யாரோ இருமினார்கள். "தண்ணிதான்மா."

"சலூன்காரர் எப்படி இருக்காரு?"

"உசிரு இருக்கு. உன்னைத்தான் திட்டிட்டிருக்காரு."

மாமா படிக்கட்டு வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். "பொய்யா இருந்தா?" என்றார். பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

திருகாணி சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. லிஃப்ட்காரர் அருகில் போய், அவள் கையின் மேல் தன் கையை வைத்து, அவளோடு சேர்ந்து சுற்றினார்.

முதலிலேயே ஆணையிட்டுச் சொன்ன உண்மைகளில் ஒன்று மட்டும் மிச்சம்: அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.